நெடெல்கோவின் தலையாட்டல்

சோன்காவைக் கெட்டிக்காரி என்று பல்கேரியாவின் ரூசே நகரில் பலரும் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவள். கார் மின்வேலையில் முப்பது வருடமாக அதை வைத்துத்தான் பிழைக்கிறாள்.

பக்கத்து வீட்டு நெடெல்கோவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. கையும் எழவில்லை. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. இருபது வருடம் ஜெர்மனியில் இருந்த மகன் ஆசென் வந்து கவனித்துக்கொண்டான். அப்பாவின் காரை விற்க ஏற்பாடு செய்திருந்தான். பதினோரு மணிக்கு ஆள் வருவதாகப் பேச்சு. காலையில் பார்த்தால் கார் கிளம்பவில்லை. சோன்காவைக் கூப்பிட்டான்.

"ஓடலேன்னா இரும்புக் கடைக்குத்தான் போகும்" என்றான்.

சோன்கா சாவியைத் திருப்பினாள். திருட்டைத் தடுக்கும் பூட்டின் விளக்கு எரிந்து அணைந்தது. "சாவிய கார் ஒத்துக்கிச்சு. ஆனா பெட்ரோல் பம்பு சத்தமே இல்ல." குனிந்து பார்த்தாள். கம்பெனி போடாத நீல ஒயர் ஒன்று தரைவிரிப்புக்கு அடியில் போய் மறைந்தது. "திருடனுக்குப் பயந்து உங்கப்பா ரகசிய சுவிட்சு வச்சிருக்காரு தம்பி. யாரோ தெரியாம கை பட்டு அணைச்சிருக்காங்க."

"விரிப்பக் கிழிச்சுப் பாருங்களேன்."

"வச்சவர் உக்காந்திருக்காரு. கிழிப்பானேன்?" வாசலில் நாற்காலியில் இருந்த நெடெல்கோவிடம் போனாள். "சுவிட்சு முன்பக்கமாண்ணே?"

அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். சோன்கா பின்கதவைத் திறந்தாள்.

"எங்க போறீங்க? முன்னாடின்னுதானே சொல்றாரு!"

"ஜெர்மன்காரன் மேலயும் கீழயும் ஆட்டினா ஆமா. உங்கப்பா எப்பய்யா ஜெர்மன்காரர் ஆனாரு? நம்ம ஊர்ல இது இல்லன்னு அர்த்தம்." திரும்பி, "சீட்டுக்கு அடியிலயாண்ணே?" மேலும் கீழும். "சாம்பல் தட்டு?"

நெடெல்கோ தலையை இடமும் வலமுமாக ஆட்டினார், மெதுவாக, பலமுறை. வாழ்நாளில் சிகரெட் தொடாத மனிதர். தட்டை இழுத்தால் பின்னால் சின்ன சுவிட்சு. தட்டினாள். பம்பு உறுமியது, கார் கிளம்பியது.

ஆசென் முகம் வெளுத்திருந்தது. "சூப் இன்னும் வேணுமாப்பான்னு கேப்பேன். ஆட்டுவாரு. நானும் ஊத்திக்கிட்டே இருந்தேன்."

"அதான் மனுஷன் மூணு சுத்து பெருத்திருக்காரு!"

அவன் சிரிக்கவில்லை. "காரை விக்கவான்னும் கேட்டேன்."

சோன்கா துணியில் கை துடைத்தாள். ஆசென் அப்பாவின் முன் குந்தினான். "வித்துடவாப்பா?"

மேலும் கீழும். கண் இமைக்காமல்.

அவன் எழுந்து, வர வேண்டாம் என்று வாங்குபவனுக்குப் போன் செய்தான். மணி பத்தே முக்கால்.

"இந்தச் சுவிட்ச எடுத்துடவாண்ணே?" என்று சோன்கா கேட்டாள்.

மறுபடியும் மேலும் கீழும். இந்த முறை ஆசென் குறுக்கே பேசவில்லை. சாம்பல் தட்டைத் தானே தள்ளி மூடினான்.