பக்கத்து இலக்கு

விசில் ஊதியதும் எல்லோரும் வில்லைத் தாழ்த்திவிட்டு அம்பு பொறுக்க நடந்தார்கள். சாவிக்காரம்மாவின் இலக்கில் ஆரஞ்சு நூல் சுற்றிய அம்புகள் மட்டும் இருந்தன. அவை அவளோடு ஒரே இலக்கில் எய்யும் நாத்தனாருடையவை. சாவிக்காரம்மாவின் பச்சை நூல் அம்புகள் மூன்றும் இடப்பக்கத்து வைக்கோல் இலக்கில், பேக்கரிக்காரரின் அம்புகளுக்கு நடுவே, விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள் மாதிரி சாவகாசமாகக் குத்தி நின்றன.

பேக்கரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, நீங்க நல்லா இருக்கணும். இன்னும் ஒரு சுத்து இப்படியே போட்டீங்கன்னா இன்னிக்கு நான்தான் முதல்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வில் சங்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. எய்தது யாராக இருந்தாலும், அம்பு எந்த இலக்கில் தைக்கிறதோ அந்த இலக்குக்காரருக்குத்தான் புள்ளி. அம்பை அடுத்த வீட்டுக்கு அனுப்பியவர் அசடு வழிய நிற்க வேண்டியதுதான்.

"சிரிங்க, சிரிங்க," என்றாள் சாவிக்காரம்மா. "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கிறேன்."

நாத்தனார் சிரிக்கவில்லை. தன் அம்புகளைப் பிடுங்கித் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சாவிக்காரம்மாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. வில் அதே வில். அம்பும் கையும் அதேதான். சொல்லப்போனால் முன்னைவிடக் கண் நன்றாகத் தெரிகிறது. இடக்கண்ணில் புரை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. எதிர்ச்சுவரில் ஊர்கிற எறும்பைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது. கண் தெளிந்த பிறகு அம்புக்குப் பித்தம் பிடித்துவிட்டதே, இது எந்த ஊர் நியாயம்?

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், அலமாரி அளவுக்கு இருந்த கடையில், சாவி அறுக்கும் இயந்திரத்தோடு முப்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள் அவள். அப்பாவின் தொழில் அது. அண்ணன் தம்பிகள் வேண்டாம் என்று உதறியதை அவள் எடுத்துக்கொண்டாள். கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் அவருக்கு ஒரே வேலை, மற்றவர்கள் செய்கிற வேலையைக் குறை சொல்வது. அந்த வேளையில்தான் அவருடைய தங்கை, புருஷனோடு ஒத்துவராமல், இரண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை. பேச்சும் அப்படித்தான், முத்திரை குத்தின மாதிரி. குத்தினால் குத்தினதுதான்.

ஒரு அடுப்படி, இரண்டு பெண்கள். உப்பு ஜாடி அடுப்புக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் தொடங்கிய சண்டை, துணி காயப்போடும் கொடி வரைக்கும் நீண்டது. ஒருநாள் கணவர் பொறுக்கமாட்டாமல் கத்தினார்: "ரெண்டு பேரும் எங்கயாவது போய் எதையாவது குத்துங்கடீ! என்னை விட்டுடுங்க!" பழைய நூல் ஆலைக்குப் பின்னால், நீண்ட மதிலோரமாக இருந்த வில் சங்கத்தில் அவரே கொண்டுபோய் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டார். செவ்வாய் சாயங்காலம், ஞாயிறு காலை.

வேடிக்கை என்னவென்றால், அவர் விளையாட்டாகச் செய்தது பலித்துவிட்டது. சங்கத்தில் கோட்டின்மேல் நிற்கும்போது யாரும் வாயைத் திறக்கக்கூடாது. விசில் ஊதி அம்பு பொறுக்கப் போகும்போதுதான் பேச்சு. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து ஒரே இலக்கில் எய்வார்கள். நாத்தனார் முன்னால், சாவிக்காரம்மா அவளுக்குப் பின்னால், அவள் முதுகைப் பார்த்தபடி நிற்பாள். வீட்டில் ஒருவருக்கொருவர் மூச்சுவிட்டால்கூடக் குற்றம். இங்கே மூச்சை ஒன்றாக அடக்கி ஒன்றாக விட்டார்கள். ஒன்பது வருஷம் அப்படியே ஓடியது. வீட்டில் உப்பு ஜாடிச் சண்டை ஓயவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை வந்தால் இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள்.

இப்போது நாத்தனார் தபால் ஆபீஸ் பக்கத்தில் தனியாக ஒரு வீடு பார்த்துவிட்டாள். அடுத்த மாதம் போகிறாள். "உன் இஷ்டம்," என்று மட்டும் சொன்னாள் சாவிக்காரம்மா. அது சந்தோஷத்தில் வந்த வார்த்தையா, கோபத்தில் வந்ததா என்று அவளுக்கே விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. வீட்டுச் சண்டை போனால் போகட்டும், கோட்டில் அந்த இடம் போகக்கூடாது. அந்த நேரம் பார்த்து அம்பு இப்படிக் கோணிக்கொண்டது. பேக்கரிக்காரரின் ஜோடி அவருடைய மனைவி. மூட்டு வலியால் அந்த அம்மா வருவதில்லை. ஆகவே பேக்கரிக்காரர் ஜோடி தேடிக்கொண்டிருந்தார். ஜோடிப் போட்டிக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள்தான்.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை. சங்கத்துச் செயலாளர் அச்சகம் வைத்திருப்பவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அம்பை வளைத்துப் பார்த்தார். "அம்பு விறைப்பு ஜாஸ்திம்மா. விறைப்பான அம்பு இடது பக்கம்தான் ஓடும். மெலிசா போடுங்க." மெலிசாகப் போட்டாள். அதுவும் இடது பக்கமே ஓடியது.

"விரலைப் பிடுங்கறீங்கக்கா. மாவு பிசையற மாதிரி மெதுவா விடணும்," என்றார் பேக்கரிக்காரர். மெதுவாக விட்டாள். அம்பு பாதி வழியில் மண்ணைக் கவ்வியது.

"காலைத் திருப்பி வைங்க," என்றாள் நாத்தனார். திருப்பி வைத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவர், தெர்மாஸ் மூடியில் டீயை ஊற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? இடது பக்கம் போகுதுன்னா கொஞ்சம் வலது பக்கம் குறி வை. முடிஞ்சுது."

அதையும் செய்தாள். ஒரு அம்பு சரியாக நடுவில் தைத்தது. "பார்த்தியா!" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். அடுத்த அம்பு வலப்பக்கமாக, மதிலில் பட்டுத் தெறித்தது. அதற்கடுத்தது மறுபடியும் பேக்கரிக்காரருக்கு. குறி ஒன்று, வில் ஒன்று, அம்பு மட்டும் தன் மனம்போன போக்கில் மூன்று திசையில் போனால் மனுஷி எதைத் திருத்துவாள்? கடையில் சாவி அறுத்துக்கொண்டிருக்கும்போதும் அதே நினைப்புதான். பல் ஒன்றைக் கூடுதலாக ராவிவிட்டுத் தூக்கிப் போட்டாள். வயசாகிவிட்டதா? கை நடுங்குகிறதா? கையை நீட்டிப் பார்த்தாள். மரம் மாதிரி அசையாமல் நின்றது. அதைப் பார்த்ததும் குழப்பம் இன்னும் கூடியது.

ஆட்டோவில் திரும்பும்போது நாத்தனார் கேட்டேவிட்டாள். "அண்ணி, என்னோட ஜோடியா நிக்க இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிடுங்க. இந்த மாதிரி அடுத்தவங்களுக்குப் புள்ளி வாரிக் கொடுக்க வேண்டாம்."

"அடிப்பாவி! வேணும்னே பண்றேன்னு நினைக்கிறியா?"

"நான் வீடு பார்த்திருக்கேன்னு சொன்ன வாரத்துலேர்ந்துதானே உங்க அம்பு திரும்பிச்சு?"

சாவிக்காரம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கணக்குப் பார்த்தால் அது உண்மைதான். கண் கட்டு அவிழ்த்ததும் அதே வாரம்தான், ஆனால் அது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. மனசுக்குள் தனக்கே தெரியாமல் ஏதாவது இருக்கிறதோ? இவள் போகட்டும் என்று நினைக்கிறேனோ, போகக்கூடாது என்று நினைக்கிறேனோ? வீடு வந்து சேரும்வரை இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இன்னும் இறுகியதுதான் மிச்சம்.

"ஞாயித்துக்கிழமையும் இதே கதைன்னா," என்றாள் நாத்தனார் இறங்கும்போது, "போட்டிக்கு நான் பேக்கரிக்காரரோட பேர் கொடுத்துடறேன். கோவிச்சுக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒருவர் சேர வந்திருந்தார். பெயின்டர். கைமுட்டி வரை வெள்ளைத் தீற்றல்கள். புதியவர்களைச் சோதிப்பது நாத்தனாரின் பொறுப்பு. சங்கத்தில் எல்லோருக்கும் முதல்நாள் ஒரு சோதனை உண்டு. மனிதருக்கு இரண்டு கண் இருந்தாலும், அதில் ஒன்றுதான் குறியைப் பிடிக்கும். அதை இவர்கள் மூத்த கண் என்பார்கள். எது மூத்ததோ அந்தப் பக்கத்துக் கைக்கு நாண். அன்று முடிவானதுதான், அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. யாராவது தங்கள் தலைப்பிள்ளை எது என்று வருஷா வருஷம் விசாரிப்பார்களா?

பெயின்டருக்கு எப்படிச் செய்வது என்று பிடிபடவில்லை. "அண்ணி, கொஞ்சம் வந்து காட்டுங்க," என்று கூப்பிட்டாள் நாத்தனார், முகத்தைப் பார்க்காமலே.

சாவிக்காரம்மா வந்து நின்றாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாக, இரண்டு கண்ணையும் திறந்தபடி நாத்தனாரின் மூக்கைப் பார்த்தாள்.

"பார்த்தீங்களா? ஓட்டை வழியா எனக்கு அவங்க ஒரு கண்ணுதான் தெரியும். தெரியறது மூத்த கண்ணு. இவங்களுக்கு வலது..." என்று தொடங்கிய நாத்தனார் நிறுத்தினாள். "அண்ணி, கையை இறக்கிட்டு மறுபடி காட்டுங்க."

காட்டினாள்.

"மறுபடி."

"என்னடி, மூக்கு என்ன ஓடியா போகுது?"

"அண்ணி, எனக்கு உங்க இடது கண்ணு தெரியுது."

செயலாளர் வந்தார், தன் மூக்கைக் கொடுத்தார். இடது. பேக்கரிக்காரர் வந்தார். முதலில் வலது, அப்புறம் இரண்டு தடவை இடது. கணவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கேட்டார்: "என்ன, எல்லாரும் மூக்கைக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க?"

விஷயம் சொன்னார்கள். அவர் உரக்கச் சிரித்தார். "புரிஞ்சுது! புரை எடுத்ததும் இடது கண்ணு, அதாவது இளையா, பளிச்சுன்னு ஆயிட்டா. மூத்தாளைத் தள்ளிட்டு வீட்டுச் சாவியை வாங்கிட்டா. அவ்வளவுதான். ஆனா மூத்தா அப்பப்போ சண்டைக்கு வர்றா. அதான் அம்பு அங்கயும் இங்கயும் போகுது."

"அப்போ என் மேல தப்பில்லையே?" என்றாள் சாவிக்காரம்மா. கேட்டது எல்லோரையும், பார்த்தது நாத்தனாரை. அவள் தரையில் கிடந்த வைக்கோலைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன தெரியும் அண்ணி," என்றாள் கடைசியில். "உடனே சொல்லியிருக்கலாம்ல, கண்ணுன்னு."

"எனக்கே தெரிஞ்சாத்தானே?"

செயலாளர் கைக்குட்டையால் அவளுடைய இடக்கண்ணைக் கட்டிவிட்டார். அம்பு தன் இலக்குக்கே போயிற்று, ஓரத்தில். ஆனால் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி இருந்தது. வலக்கண்ணிலும் புரை வளர்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நல்ல கண்ணைக் கட்டிவைத்துவிட்டு மங்கல் கண்ணோடு எத்தனை நாள்? இன்னொரு வழி, வில்லைக் கை மாற்றுவது. இடக்கையால் நாண் இழுத்து, அ, ஆவிலிருந்து தொடங்குவது. "சரி, அடுத்த வருஷம் வலது கண்ணையும் பண்ணிக்கிட்டா? அப்போ எது மூத்தது?" என்று கேட்டாள். செயலாளர் பேக்கரிக்காரரைப் பார்த்தார். பேக்கரிக்காரர் பெயின்டரைப் பார்த்தார். வந்த முதல்நாளே இப்படியா என்று பெயின்டர் வானத்தைப் பார்த்தார்.

சாவிக்காரம்மா கைக்குட்டையை அவிழ்த்து மடித்தாள். குழப்பம் தீரவில்லை. ஆனால் எதில் குழப்பம் என்பது தெரிந்துவிட்டது. அதுவே பாதி நிம்மதி.

"போட்டிக்கு நீ பேக்கரிக்காரரோட போ," என்றாள் நாத்தனாரிடம்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"கண்ணைக் கட்டிக்கிட்டு உன்னோட நின்னு உன்னையும் கவுக்கணுமா? நான் இடது கையில பழகறேன். அது கைக்கு வர்ற வரைக்கும் போட்டி கீட்டின்னு பேசாதே."

நாத்தனார் தலையாட்டினாள். "அது வர்ற வரைக்கும் நான் எங்க நிக்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

சாவிக்காரம்மா மடித்த கைக்குட்டையைச் செயலாளரிடம் நீட்டினாள்.

போட்டியில் நாத்தனாரும் பேக்கரிக்காரரும் நான்காவதாக வந்தார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, மைதானத்தின் வலக்கோடியில், பழகுகிறவர்களுக்காக நெருக்கி வைத்திருந்த இலக்கின் முன்னால், பெயின்டருக்குப் பக்கத்தில் போய் நின்றாள் சாவிக்காரம்மா. கையில் இரவல் வாங்கிய இடக்கை வில். பேக்கரிக்காரர் தன் இலக்கிலிருந்து நாத்தனாருக்குக் கைகாட்டினார். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்து வந்து, சாவிக்காரம்மாவுக்கு இடப்பக்கத்தில் காலியாக இருந்த இலக்கின் முன்னால் அம்புகளை ஊன்றினாள்.

வலக்கைக்காரியும் இடக்கைக்காரியும் கோட்டில் அடுத்தடுத்து நின்றால் முகத்துக்கு முகம் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஒன்பது வருஷமாக முதுகைப் பார்த்துப் பழகியவளுக்கு இது கூச்சமாக இருந்தது. எங்கே பார்ப்பது? சாவிக்காரம்மா வில்லைத் தூக்கினாள். எதிரே நாத்தனாரும் தூக்கினாள். நாண்கள் இழுபட்டன. இரண்டு அம்பும் போயின. ஒன்று நடுவுக்கு அருகே தைத்தது. ஒன்று இலக்கின் காலடியில் புல்லில் படுத்துக்கொண்டது. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

விசில் ஊதியது.

"அண்ணி," என்றாள் நாத்தனார், "நாண் இழுக்கறப்ப நாக்கைக் கடிச்சுக்கறீங்க. பார்க்கச் சகிக்கல."

"நீ மட்டும் என்னவாம்? விடறப்ப ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கறே."

"யாரு, நானா?"

"பின்னே நானா?"

"சும்மா சொல்லாதீங்க. கண்ணை மூடிக்கிட்டா எப்படிப் போய் நடுவுல குத்தும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

நாத்தனார் இலக்கைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். "இத்தனை வருஷமாவா? ஏன் அண்ணி சொல்லல?"

"உன் முதுகுல கண்ணு இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

அம்புகளைப் பொறுக்கிக்கொண்டு இருவரும் கோட்டுக்குத் திரும்பினார்கள். "அடுத்த சுத்துல மூடறேனான்னு பார்த்துச் சொல்லுங்க," என்றாள் நாத்தனார் தணிந்த குரலில். "நானும் உங்க நாக்கைப் பார்த்துக்கறேன்." அவள் முகத்தில் இப்போது சாவிக்காரம்மாவின் முகத்தில் இரண்டு மாதமாக இருந்த அதே திகைப்பு. சாவிக்காரம்மாவுக்கு அதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் செயலாளர் விசிலை ஊதிவிட்டார். கோட்டில் நின்றால் பேசக்கூடாது.