சேமக்காலை வாசல் வீட்டை நான் கழுவிய நாள்

அந்தச் சுவரைக் கழுவியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வராது.

இத்தாலியில் பலெர்மோ நகரில் இருபத்திரண்டு வருடம் துப்புரவு வேலை செய்தேன். கடைசி ஆறு வருடம் ஒரு பழைய சேமக்காலையில். விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கே வியாபாரம் செய்த இங்கிலீஷ்காரர்கள், தங்கள் ஆட்களைப் புதைக்க வாங்கிய நிலம் அது.

முதல் நாள்

வாசலில் ஒரு வீடு. அதில்தான் காவலாளி சிஞ்ஞோர் நீனோ இருந்தார். அவருக்கு முன்னால் அவருடைய தகப்பனும் அங்கேதான் காவல். நடுவில் வண்டி போக ஒரு வளைவு. இடப்பக்கம் நீனோவின் அறைகள், வலப்பக்கம் அடக்கத்துக்கு முன் சவப்பெட்டியை வைக்கும் அறை. ஜன்னல்களெல்லாம் மாதாகோயில் ஜன்னல் மாதிரிக் கூராக முடியும். கல் இந்த ஊர் மஞ்சள் கல். கூரைக்குப் போட்ட கறுப்புக் கல் மட்டும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது.

"கூரையைப் பாத்தியோ, அன்தோனியோ?" என்றார் நீனோ. "பனி வழுக்கி விழட்டும் எண்டு இவ்வளவு சரிவு. இஞ்சை எந்தப் பனி விழுது? தங்கடை ஊரை விட்டிட்டு வந்தவை கூரையை விடேல்லை."

என் பெயர் அந்தோனி. அவர் வாயில் கடைசிவரை அன்தோனியோதான்.

அந்த வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடம். ஒரு ஓடு மாற்றவும் கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். ஒரு பெண் கட்டடக்கலைஞர் வருடம் ஒருமுறை வந்து கூரையையும் வளைவையும் படம் பிடித்துக்கொண்டு போவார். பெட்டி அறைக்குள் அவர் எட்டிப் பார்த்ததை நான் கண்டதில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவ அனுமதி வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதுமில்லை.

செத்த வீடு

ஒரு மாசி மாதம் நீனோ இறந்தார். பெண்சாதி பிள்ளை இல்லாத மனிதர். ஒரு பகல் முழுக்க அந்தப் பெட்டி அறையில் கிடத்தியிருந்தார்கள். பெட்டி வெளிக்கிட்ட பிறகு அங்கே நானும் என் மனைவி ஜெசிந்தாவும்தான் மிச்சம்.

"இஞ்சருங்கோ, சவம் போன வீட்டைக் கழுவாமல் பூட்டிறதோ?" என்றாள். "அந்தாளுக்கு ஆர் இருக்கினம், நாங்கள்தானே செய்யவேணும்."

மன்னாரில் என் தகப்பன் செத்தபோது நான் பக்கத்தில் இல்லை. வீடு கழுவியதும் வேறு ஆட்கள். அந்தக் குறையையும் சேர்த்துத்தான் அன்றைக்குக் கழுவினேன். தண்ணீரில் வரெக்கீனா என்கிற வெளுப்பு மருந்தைக் கலந்து, கண் எரிய எரிய நிலத்தைத் தேய்த்தேன், சுவரைத் தேய்த்தேன். கதவை எப்போதும் திறந்தே வைப்பதால் அதன் பின்னால் இருந்த சுவர் கறுத்துக் கிடந்தது. அதில் பென்சிலால் பெயர்களும் இலக்கங்களும். மேசன்மார் எழுதிய அளவு என்று நினைத்து அதையும் தேய்த்தேன். சுவர் வெள்ளையானது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நவம்பர்

செத்தவர்களின் திருநாளுக்கு வருடம் தவறாமல் பகேரியாவிலிருந்து ரயிலேறி சிஞ்ஞோரா ரொசாலியா வருவார். எண்பது தாண்டிய மனுஷி, கண் மங்கல். நீனோ முதலில் பெட்டி அறைக்குள் போவார். பிறகு வெளியே வந்து அவர் கையைப் பிடித்து, பின்மதிலோரம் அடி எண்ணி நடப்பார். நான் வாசலில் நிற்பேன். யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நீனோ இல்லாத அந்த வருடம் சிஞ்ஞோரா என்னிடம் வந்தார்.

"இனி நீதான் கூட்டிக்கொண்டு போகவேணும், அன்தோனியோ. என்ரை பியெத்ரோ, பிறந்த அண்டே செத்துப்போட்டான். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு எங்கடை சேமக்காலையிலை இடமில்லை எண்டிட்டினம். நீனோவின்ரை தகப்பன்தான் ஒருத்தருக்கும் சொல்லாமல் இஞ்சை இடம் தந்தவர். கடுதாசி ஒண்டும் இல்லை. கதவுக்குப் பின்னாலை சுவரிலை இருக்கு, பேரும், மூலையிலையிருந்து எத்தினை அடி எண்டும். போய்ப் பாத்திட்டு வா."

போனேன். வேறு என்ன செய்ய? வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றேன். கட்டடக்கலைஞருக்கு போன் எடுத்தேன். கூரைக்குப் பத்துப் படம் இருக்கிறதாம், அந்தச் சுவருக்கு ஒன்றும் இல்லையாம். பிறகு ஜெசிந்தாவுக்கு எடுத்தேன். அவள் அழுதுவிட்டாள்.

"ஏதும் ஒரு இடத்தைக் காட்டிவிடுங்கோ. பாவம், அந்த மனுஷிக்குத் தெரியவா போகுது?"

சிஞ்ஞோராவின் கையைப் பிடித்து மதிலோரம் நடந்தேன். நான் எங்கே நிற்பேன் என்று பார்த்துப் பார்த்து என்னோடு நடந்தார். எங்கே நின்றிருந்தாலும் நம்பியிருப்பார். அந்த நம்பிக்கைதான் என்னை நிற்கவிடவில்லை. மதில் முடிந்துவிட்டது.

"சிஞ்ஞோரா, நான் அந்தச் சுவரைக் கழுவிப்போட்டன்."

அவர் என் கையை விடவில்லை.

"கழுவ முன்னம் வாசிச்சனியோ?"

"இல்லை."

"அப்ப அவன்ரை பேரை நீனோவைத் தவிர ஒருத்தரும் வாசிக்கேல்லை," என்றார். "வா, எழுது."

பெட்டி அறைக்குத் திரும்பி, என் சட்டைப் பையிலிருந்த பென்சிலால் 'பியெத்ரோ' என்று எழுதினேன். சிஞ்ஞோரா விரலால் தடவினார்.

"எத்தினை அடி எண்டும் எழுதினியோ?"

"இல்லை, சிஞ்ஞோரா."

பூவை அந்தச் சுவரடியில் வைத்துவிட்டு ரயிலுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்றுதான் உண்டு. துணியை நனைக்க முதல் சுவரை வாசியுங்கள். விளங்காவிட்டால் கேளுங்கள். நீனோ இருந்த அத்தனை வருடத்தில் ஒருநாள் நான் அவரைக் கேட்டிருந்தால், அந்தத் தாய் தன் பிள்ளை கிடக்கும் இடத்தில் நின்று அழுதிருப்பார்.