சீமைப் பசுவுக்குக் கொடுத்த சாரம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நண்டு ஓடிய மணல் மாதிரி இருக்கும். ர எங்கே ற எங்கே என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. சரியான இடத்தில் சரியானது விழுந்திருந்தால் அது தற்செயல். ஐந்தாம் வகுப்பு முடிந்த கையோடு குடும்பமாக வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனோம். அங்கே முகாமில் பள்ளிக்கூடம் இருந்தது. நான்தான் அதற்குள் இருக்கவில்லை.

வாயால் சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. கல்யாணத்தன்று மாதா கோயிலில் பங்குச் சுவாமி "சம்மதமோ?" என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன். "சத்தமாச் சொல்லும்" என்றார். கடைசியில் என் மனைவிதான், "அவருக்குச் சம்மதம் சுவாமி, நீங்கள் அடுத்ததைச் செய்யுங்கோ" என்று முடித்துவைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்குரிய பேச்சையும் சேர்த்து அவளே பேசுகிறாள். குறை ஒன்றும் இல்லை.

பசு வந்த கதை இது. முள்ளிக்குளப் பக்கத்தில் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தவர்களுக்கு வாழ்வாதார உதவி என்று ஒரு நிறுவனம் வந்தது. கோயில் மண்டபத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். மனைவி தையல் மெசினுக்காக மூன்று நாள் செபமாலை சொல்லியிருந்தாள். எங்களுக்கு விழுந்தது மாடு. செம்மண் நிறம், முகம் மட்டும் வெள்ளை, சுண்ணாம்பு வாளிக்குள் தலையை விட்டு எடுத்த மாதிரி. எங்கள் நாட்டு மாடுகள் அதன் வயிற்றுக்குக் கீழால் போய்வரலாம். அலுமாரிக்கு நாலு கட்டைக் கால் பூட்டினால் எப்படியோ, அப்படி. குளிர்நாட்டு இனம் கலந்தது, வெயில் ஆகாது, கொட்டிலில் ஃபான் பூட்டுங்கள் என்றார் மாட்டு டொக்டர். எங்கள் வீட்டில் ஒரு ஃபான்தான் இருந்தது. அது கொட்டிலுக்குப் போனது. நான் மனைவிக்கு ஓலையால் விசிறினேன்.

தையல் மெசினுக்கு அழுதவள் ஒரு மாதத்துக்குள் அந்த மாட்டோடு இருந்து தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை இதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியாது. பசு சினைப்பட்டபோது அவள்தான் புளி கேட்டாள்.

போன கோடையில் மழை பொய்த்து, கச்சான் காற்று புழுதியை அள்ளி அடித்தது. கிணறு உப்பாகிவிட்டது. முற்றத்தில் புல் என்று சொல்ல ஒரு மயிரும் இல்லை. எங்கள் பக்கத்தில் இப்படிக் காலத்தில் மாடுகளைக் காட்டுப் பக்கக் குளத்துக்குக் கொண்டுபோவார்கள். தண்ணீர் வற்ற வற்ற, குளத்தின் உள்தரையில் பச்சைப் புல் ஏறும். மாரி வரும்வரை மாடுகள் அங்கேயே நின்று மேயும். நாட்டு மாடுகளை ஒவ்வொரு வருடமும் நான் நடத்திக்கொண்டு போகிறவன்தான். ஆனால் சீமைப் பசுவை?

லொறியில் ஏற்றப் பார்த்தோம். பலகையில் முன்னங்கால் இரண்டையும் வைத்தது, கொஞ்ச நேரம் யோசித்தது, பலகை நிறையச் சாணி போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டது. லொறிக்காரன் எங்களோடு இப்போதும் பேசுவதில்லை.

"நடத்தித்தான் கொண்டு போகோணும்" என்றாள் மனைவி. "இஞ்சேருங்கோ, வழியில அதுக்கு ஏதும் நடந்தா நீங்களும் அங்கேயே இருந்திடுங்கோ. தனிய இஞ்ச வராதேங்கோ."

அவள் சிரிக்கவில்லை.

எனக்குத் துணை ஒரு நாயும் ஒரு கழுதையும். நாய், வீதியோரம் முன்பிருந்த ஆமிக் காவலரணில் பிறந்து வளர்ந்தது. காவலரணைக் கழற்றியவர்கள் அதை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குச் சிங்களம் மட்டும்தான் விளங்கும். தமிழில் கூப்பிட்டால் பின்னால் யாரும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்க்கும். "யன்ன" என்றால் ஓடும், "நவத்தின்ன" என்றால் நிற்கும். கழுதை மன்னார்ப் பள்ளிமுனையில் மனைவியின் தமையன் வீட்டு வாசலை மறித்துப் படுத்துக்கிடந்தது. மன்னார்ப் பட்டினத்துக் கழுதைகளுக்கு பஸ்ஸை மறிப்பதும் கடதாசி தின்பதும் தவிர வேறு தொழில் கிடையாது. இதற்கு ஒரு தொழில் கொடுப்போம் என்று லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிவந்தோம். பசுவுக்கு வழியில் தண்ணீர் வேண்டும் அல்லவா? கழுதையின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தண்ணீர்க் கான் கட்டினோம்.

விடிய முன்பே வெளிக்கிட்டிருந்தால் வெயிலுக்கு முன் பாதி வழி போயிருப்பேன். ஆனால் சுவாமி மாட்டை ஆசீர்வதிக்காமல் அனுப்பமாட்டேன் என்று மனைவி நின்றாள். சுவாமி காலைப் பூசையை முடித்து, தேத்தண்ணி குடித்து, யாரோ இரண்டு பேருடைய வேலிச் சண்டையைத் தீர்த்துவிட்டு வந்தார். வந்தவர் குறைவைக்கவில்லை. மாட்டுக்கு, கழுதைக்கு, நாய்க்கு, பாதைக்கு, குளத்துக்கு என்று தனித்தனியாக மன்றாடினார். தீர்த்தம் தெளித்துக்கொண்டிருக்கும்போதே பசு வாளிக்குள் மூஞ்சியை விட்டு மிச்சத்தைக் குடித்துவிட்டது. நல்ல சகுனம் என்றார். அப்போதே என் நிழல் காலடிக்குச் சுருங்கத் தொடங்கியிருந்தது.

நாட்டு மாடுகள் வீதியோரம் வரிசையாகப் போயின. பசு பின்னால் வந்தது, தேர் மாதிரி. வழியில் ஒரு கத்தரித் தோட்டத்துக்குள் இரண்டு மாடு பாய்ந்தன. நான் "யன்ன! யன்ன!" என்று நாயை ஏவினேன். பக்கத்து வேலிக்குள்ளிருந்து, சிங்களச் சத்தம் கேட்ட ஒரு வயதான ஐயா பதறிக்கொண்டு வந்து தன் அடையாள அட்டையை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

கழுதை மறிச்சுக்கட்டி ஊருக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு முஸ்லிம் ஊர் எல்லைவரை ஒழுங்காக வந்தது. பிறகு நல்ல புழுதியாக ஓரிடத்தைத் தெரிவுசெய்து, கான்களோடு படுத்து, நாலு காலையும் வானத்துக்குத் தூக்கிப் புரண்டது. ஒரு கான் வெடித்தது. மற்றதன் மூடி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. தண்ணீர் முழுவதையும் மண் குடித்தது.

இன்னும் கொஞ்சத் தூரத்தில், பள்ளிவாசலின் வெளிமதிலுக்குப் பக்கத்தில், பசு நின்றது. நாக்கு வெளியே தொங்கியது. வாயில் நுரை. விலா இரண்டும் ஊதி ஊதி இறங்கின. பிறகு முன்னங்கால் மடிந்தது. பின்னங்கால் மடிந்தது. கழுத்தை நீட்டி வீதியோரத்தில் படுத்துவிட்டது. நாட்டு மாடுகள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று அசைபோட்டன. கண்ணில் வெள்ளை தெரிந்தது.

செத்துக்கொண்டிருக்கிற மாட்டை எனக்குத் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை. வீதியில் ஒரு சனம் இல்லை. எல்லா ஆண்களும் உள்ளே ஜும்மாத் தொழுகையில். பிரசங்கம் ஒலிபெருக்கியில் கேட்டது. வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்கலாம்தான். ஒரு கதவுக்கு முன்னால் போயும் நின்றேன். உள்ளே பெண்களின் பேச்சுக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டேன். மதிலோரம் ஒரு பைப் இருந்தது. திறந்தால் நூல் மாதிரித் தண்ணீர். வாளி இல்லை. கான் இல்லை. என்னிடம் இருந்த துணி இடுப்பில் கட்டியிருந்த சாரம் ஒன்றுதான். மேல்சட்டையை ஏற்கெனவே கழற்றிப் பசுவின் தலையில் போட்டிருந்தேன்.

அவிழ்த்தேன். நனைத்தேன். ஓடிப்போய் பசுவின் கழுத்தில் போர்த்தினேன். சூடாகிவிட்டது. எடுத்துக்கொண்டு பைப்புக்கு ஓடினேன். மறுபடி நனைத்தேன். அப்படி எத்தனை தரம் ஓடினேனோ. நீல நிறத்தில் ஒரு உள்களிசான், அதுவும் பின்பக்கம் கொஞ்சம் பிய்ந்தது. இதைவிட வேறொன்றும் என் மேல் இல்லை. ஒலிபெருக்கி எப்போது ஓய்ந்தது என்று கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது பள்ளிவாசல் படி நிறைய வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ், இதென்ன கோலம்?"

"விசர் போல."

"விசர் இல்ல, முள்ளிக்குளப் பக்கத்து ஆள். வருசா வருசம் இந்த வழியால மாடு கொண்டுபோறவர்."

எனக்குப் பூமி பிளந்தால் நல்லது போல இருந்தது. ஆனால் சாரத்தை உடுத்தினால் பசுவுக்கு இல்லை. உடுத்தவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பருத்த ஒருவர் வந்தார். ஊர் இறைச்சிக்கடைக்காரர். குந்தியிருந்து பசுவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, கோவிக்கப்படாது" என்றார் மெதுவாக. "இது நிக்காது. உசிர் இருக்கேக்கயே ஒரு முடிவெடுத்தா வீணாப் போகாது. செத்தாப் பிறகு ஒருத்தருக்கும் ஆகாது. என்ன சொல்றீங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. பேசாமல் நிற்கிறவன் ஓம் என்கிறான் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். அவர் பெருமூச்சு விட்டு எழும்பி, "மச்சான், பைக்கை எடு, கடையில பெரிய கத்தி கிடக்கு" என்றார்.

பைக் ஸ்டார்ட் ஆனது. என் தொண்டைக்குள் இருந்து ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து நாயிடம் கத்தின இரண்டு சொல்லில் ஒன்று அது என்பதால் அதுவே வந்தது.

"நவத்தின்ன!"

எல்லாரும் நின்றார்கள். பைக் நின்றது. நாய் நின்றது. பின்வரிசையில் இரண்டு பேர் கையையும் தூக்கிவிட்டார்கள்.

"வயித்தில கண்டு கிடக்கு" என்றேன். "தொட விடமாட்டன். என்னை வெட்டிப்போட்டு அதைத் தொடுங்கோ." இவ்வளவையும் சத்தமாகச் சொன்னேன். களிசானோடு நின்று சொன்னேன்.

இறைச்சிக்கடைக்காரருக்கு முகம் மாறிவிட்டது. "சினை மாடா? அட, முதல்லயே சொல்றதுக்கென்ன? சினை மாட்டில நான் கை வைப்பனா? வாயில என்ன வச்சிருந்தீங்க, கொழுக்கட்டையா?" பிறகு கூட்டத்தைப் பார்த்து, "பாத்துக்கொண்டு நிக்கிறீங்க! ஹோஸ் பைப்பை எடுங்க!" என்றார்.

பின்னேரத் தொழுகைக்கு முன் எல்லாரும் கைகால் கழுவத் தண்ணீர் வேண்டுமே என்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு பெரியவர் தயங்கினார். "தொட்டியில கிடக்கிறது அசருக்கு ஒளூச் செய்யவே காணாது."

"அசருக்குள்ள தண்ணிப் பவுசர் வரும்" என்றார் பாங்கு சொல்கிற மோதினார்.

"வராட்டி?"

"வராட்டி மண்ணில தயம்மும் செய்வம் ஹாஜி. மண்ணுக்கு இஞ்ச பஞ்சமா? மாட்டை மண்ணால குளிப்பாட்ட ஏலாதே."

ஹோஸ் வந்தது. சாக்குகளை நனைத்துப் போர்த்தினார்கள். ஒருவர் மாட்டு டொக்டருக்குப் போன் எடுத்து, அவர் சொன்னதைக் கூட்டத்துக்குக் கத்தினார்: தலையிலும் கழுத்திலும் ஊற்றுங்கள், குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஓலைத்தட்டியைப் பிடுங்கி வந்து நிழல் கட்டினார்கள். மோதினார் தன் அறையிலிருந்து ஒரு சாரம் கொண்டுவந்து, என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நீட்டினார். அத்தர் மணத்தது. ஒரு வீட்டிலிருந்து எனக்குச் சோறு வந்தது. ஊர் முழுவதும் என்னோடு பேசியது. நான் ஓம், இல்லை என்ற இரண்டையும் வைத்துச் சமாளித்தேன்.

அசர் பாங்கு ஒலித்தபோது பசு காதை ஆட்டியது. பிட்டத்தை உயர்த்தியது. தள்ளாடி எழும்பியது. படியில் நின்றவர்கள் அல்லாஹு அக்பர் என்றார்கள். அது பாங்கின் மகிமை என்பது அவர்கள் கட்சி. சுவாமியின் தீர்த்தத்தைக் குடித்ததால்தான் என்பது என் மனைவியின் கட்சி. ஒலிபெருக்கி அதன் தலைக்கு நேர் மேலே இருந்தது என்பதை மட்டும் நான் சொல்லிவைக்கிறேன். எனக்கும் தூக்கிவாரிப்போட்டது.

வெயில் தணிந்ததும் வெளிக்கிட்டோம். இறைச்சிக்கடைக்காரர் பைக்கை உருட்டிக்கொண்டு கூடவே வந்தார், மறுபடி விழுந்தால் ஆள் வேண்டும் என்று. அவர் பக்கத்தில் வரவர பசு எட்டி எட்டி நடந்தது. அவ்வளவு வேகமாக அது நடந்ததை நான் முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. குளத்தைக் கண்டதும் நேரே தண்ணீருக்குள் இறங்கி, கழுத்துவரை நனைய நின்று, மூக்கால் ஊதியது. வெள்ளை முகம் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது.

மறுநாள் மனைவி பஸ்ஸில் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்தாள். பசுவைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களே கத்தினனீங்கள்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் அப்படிச் செய்வது அபூர்வம்.

கன்று குளத்தடியிலேயே பிறந்தது. கிடாரி. அதற்கும் வெள்ளை முகம். இறைச்சிக்கடைக்காரர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பைக்கை அணைக்கட்டில் நிறுத்தி, "ரெண்டும் சுகமா?" என்று கேட்பார். மனைவி அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பாள், பனங்கட்டி கொடுப்பாள். பசுவுக்குப் பக்கத்தில் மட்டும் தனியே விடமாட்டாள். பசுவும் பைக் சத்தம் கேட்டாலே கன்றைத் தள்ளிக்கொண்டு குளத்தின் அடுத்த கரைக்குப் போய்விடும்.

"ஏன் தம்பி, என்னோட அதுக்கு என்ன கோவம்?" என்று அவர் போன கிழமையும் மனவருத்தத்தோடு கேட்டார். "நான்தானே ஹோஸைக் கொண்டுவரச் சொன்னனான்?"

ஓம் என்றேன்.

எழுதி முடித்தது: 2024 ஒக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை.