முன்பலகையில் செபமாலைமுத்து

மன்னார்க் கரையில் செபமாலைமுத்துவின் வள்ளத்தில் எந்தப் பெண்ணும் கால் வைத்ததில்லை. மகள் பெர்னடெற் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் ஏறப் போனாள். கரையில் நின்ற ஆட்களுக்கு முன்னால் அவளைத் தூக்கி மணலில் இறக்கிவிட்டார். ஏசவுமில்லை, அடிக்கவுமில்லை. பெண் ஏறினால் மீன் படாது என்பது அவர்களுடைய வழக்கம்.

நாட்டில் சண்டை தொடங்கிய பிறகு குடும்பம் லண்டனுக்கு வந்து ஹவுன்ஸ்லோவில் ஒதுங்கியது. செபமாலைமுத்து விமான நிலையத்தில் சரக்கு ஏற்றினார். பெர்னடெற் படித்துப் பட்டம் எடுத்தாள். அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் பட்டம். பட்டமளிப்புப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஆனால் அவள் பல்கலைக்கழகத்தில் கனூ என்கிற ஒடுக்கமான சின்னத் தோணியை ஓட்டப் பழகி, மற்றவர்களுக்கும் பழக்குகிற அளவுக்கு வந்ததைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை. அதைத் தகப்பன் ஒருதரமாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

தொண்ணூற்று நான்காம் ஆண்டுக் கோடையில், வேலை கிடைத்து முதல் லீவு எடுத்தபோது, ஸ்கொட்லாந்தின் வடக்கில் வீடுவாசல் இல்லாத ஓர் ஏரிக்கு அவரைக் கூப்பிட்டாள்.

"கலியாணம் பேசுவம் எண்டால், இவள் அப்பரைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போறாள்" என்றாள் தாய் பிலோமினம்மா. சொல்லிக்கொண்டே அரிசியும் தேங்காய்ப்பால் மாவும் கட்டிக் கொடுத்தாள்.

காரை ஏரிக்கரையில் நிறுத்திக் கனூவை இறக்கியதும் செபமாலைமுத்து நேரே அதன் பின்பலகைக்குப் போனார்.

"அப்பா, பின்னுக்கு நான். அங்க இருக்கிற ஆள்தான் திருப்புறது."

"அப்ப நான்?"

"முன்னுக்கு."

அவர் சுற்றிப் பார்த்தார். செம்மறிகளைத் தவிர ஒருவரும் இல்லை. ஏறி முன்பலகையில் இருந்தார்.

அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டபோது பெர்னடெற்றுக்கு ஒரு கேள்வி வந்தது. இவருடைய சந்தோசத்துக்காகக் கூட்டி வந்தேனா, மணலில் இறக்கிவிட்ட அந்த நாளுக்குக் கணக்குத் தீர்க்கவா? கனூ கொஞ்சம் கோணலாகப் போனது.

நடுத்தீவை நெருங்கும்போது மீன் ஒன்று துள்ளியது. செபமாலைமுத்து வள்ளத்தில் நிற்பதுபோலத் தூண்டிலோடு எழுந்து நின்றார். கனூ கவிழ்ந்தது. அடுத்த நொடி இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள்.

"இதென்ன தோணியோ தொட்டிலோ?"

"தொட்டிலில ஆரப்பா எழும்பி நிக்கிறது?"

தீவில் கூடாரம் அடித்த பிறகு அவர் கரைப் பாறையில் இருந்தே தூண்டில் போட்டார். ட்ரவுட் மீன் பட்டது. கூடாரத்துக்கு முன்னால் தேங்காய்ப்பால் மாவைக் கரைத்துச் சொதி வைத்துச் சாப்பிட்டார்கள்.

திரும்ப வேண்டிய நாள் மேற்கிலிருந்து பலத்த காற்று கிளம்பியது. கார் நின்ற அக்கரை வரைக்கும் ஏரி வெள்ளை வெள்ளையாக நுரைத்தது.

"நாளைக்குக் காலமை ஷிப்ட் பிள்ளை. வெளிக்கிடுவம். இதெல்லாம் ஒரு அலையே?"

"வள்ளத்துக்கு இது அலையில்லை அப்பா. இதின்ர விளிம்பு தண்ணிக்கு ஒரு சாண்தான் மேல. சாமானோட நடுவுக்குப் போனால் நிரம்பிப்போடும்."

"நான் பாக்காத கடலே?"

"கடல் நீங்கள் பாத்ததுதான். கனூ நான் பாத்தது. இண்டைக்கு இறக்கமாட்டன்."

சொல்லிவிட்டு அவளே தன்னைச் சந்தேகப்பட்டாள். இது பயமா, இவர் ஒருமுறையாவது என் சொல்லுக்கு அடங்க வேண்டும் என்ற வீம்பா? மறுபடி தண்ணீரைப் பார்த்தாள். வீம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தண்ணீரில் போக முடியாது.

செபமாலைமுத்து ஏரியை ஒருதரம் பார்த்தார். பிறகு குனிந்து, கட்டி வைத்திருந்த அரிசிப் பையை அவிழ்த்தார்.

"அப்ப உலை வைப்பம்" என்றார்.

மறுநாள் காற்று ஓய்ந்தது. அவள் திருப்ப, அவர் துடுப்பு வலிக்க, கனூ நேராக அக்கரைக்குப் போனது. ஷிப்ட் போனதுதான்.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் தேநீர். மன்னாரில் சொந்த வள்ளம் வைத்திருந்த பெனடிக்ற் கேட்டார்: "என்ன செபமாலை அண்ணை, குளத்தில மீன் பட்டதோ?"

"பட்டது. சொதிக்குத் திறம்."

"தோணி ஆர் ஓட்டினது, வெள்ளைக்காரனோ?"

"மகள்."

வட்டமாக இருந்த ஆண்கள் சிரித்தார்கள். "பொம்பிளைப்பிள்ளை ஓட்ட, நீங்கள் முன்னுக்குக் குந்திக்கொண்டு இருந்தனியளோ?"

"ஓம், குந்திக்கொண்டுதான் இருந்தனான்." அவர் சிரிக்கவில்லை. "காத்துக்குள்ள வெளிக்கிடுவம் எண்டு நான் சொன்னனான். ஏலாது எண்டு அவள் சொன்னவள். என்ர சொல்லைக் கேட்டிருந்தால், இண்டைக்கு எங்கள் ரெண்டு பேரின்ர ஆத்துமாவுக்கும் நீங்கள் பூசை ஒப்புக்குடுத்திருப்பியள்."

சிரிப்பு நின்றது. கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த பெர்னடெற், வேறொரு நாளென்றால் குசினிக்குள் போயிருப்பாள். அன்று நிமிர்ந்து வந்து அந்த வட்டத்துக்குள் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றாள். பெனடிக்ற் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரு பிள்ளை. காத்து எந்தப் பக்கத்தால வந்தது?"

அவள் இருந்து சொல்லத் தொடங்கினாள்.