மாமாவுக்குத் தினம் ஒரு நெல்லிக்காய்

“காலையிலேர்ந்து இந்த வூட்ல ஒரு வாய் காப்பி கூட குடுக்கலம்மா!” என்று பக்கத்து வீட்டு ராஜம்மாவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார் என் மாமனார். மீசையில் நாலாவது இட்லியின் மிளகாய்ப்பொடி. “துடைத்துக்கொண்டாவது பொய் சொல்லுங்கள் மாமா” என்றேன்.

மறதிக்காரரைப் பார்த்துக்கொள்வதும் ஓர் உத்தியோகம்தான். லீவு கிடையாது, பென்ஷன் அவருக்கு மட்டும். வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாமா செங்கல்பட்டு ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். இரண்டு முறை ‘டியூட்டிக்கு நேரமாச்சு’ என்று ஸ்டேஷனுக்கே போய்விட்டார். அதிலிருந்து, அறையில் வைத்துப் பூட்டு என்பது என் கணவர், கொழுந்தனார் என்று அவர் பிள்ளைகள் இருவரின் கட்சி. கூடாது என்பது என் கட்சி. என் கட்சியில் நான் ஒருத்திதான். ராஜம்மாவாவது சேருவாள் என்று பார்த்தால், “இன்னொரு காப்பி குட்த்தா இன்னா, உன் வூட்டுக் கெணறா வத்திடும்?” என்றாள்.

நெல்லிக்காய் வைத்தியம்

“நறுக்கின வாழைக்காய் காற்றுப் பட்டால் கறுக்கிறதே, வயதானால் மூளைக்கும் ஏதோ அப்படித்தான் போலிருக்கிறது. கீரை, நெல்லிக்காய் கொடுத்துப் பாருங்கள். போனது திரும்பாது, இருப்பது கொஞ்ச நாள் நிற்கலாம்” என்றார் டாக்டர். காற்றுப் பட்டு இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று கான்வென்டில் சிஸ்டர் பிரம்போடு நடத்தியபோது, அது மாமனார் வரைக்கும் வரும் என்று யார் கண்டது?

தினம் ஒரு நெல்லிக்காய் கையில் கொடுத்தேன். துவைக்க அவருடைய பழைய டியூட்டிக் கோட்டை எடுத்தால் இரண்டு பையிலும் நெல்லிக்காய்! நான் போட்ட சத்தத்தில் ராஜம்மா எட்டிப் பார்த்தாள். மாமா மட்டும் குரலைத் தாழ்த்தினார்: “வண்டியில எவளாவது புள்ளத்தாச்சி வருவாம்மா. வாய்க்குப் புளிப்பா எதனா கேப்பா.”

வாசலில் பரிசோதனை

பிறகு வீட்டு வாசலே பிளாட்பாரம் ஆயிற்று. டிக்கெட் இல்லாமல் யாரையும் விடமாட்டார். பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு துண்டாக நறுக்கி, வெளியே ஆணியில் ஒரு டப்பா மாட்டினேன். வருகிறவர் ஒன்றை எடுத்து நீட்ட வேண்டும். மாமா என் பாக்குவெட்டியால் ஓரத்தை நறுக்கி உள்ளே விடுவார். ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. பால்காரிதான் அலுத்துக்கொண்டாள்: “தெனம் பேஜாரா கீது, எனக்கு சீசன் டிக்கெட்டா ஒண்ணு குட்த்துடும்மா.”

வித்தவுட்

போன வெள்ளிக்கிழமை மார்க்கெட்டிலிருந்து வருகிறேன். டப்பா காலி. மாமா குறுக்கே கை நீட்டினார். “நான் உங்க மருமக” என்றேன். “எல்லாரும் அப்டித்தாம்மா சொல்றாங்க” என்றார். விளையாட்டு இல்லை, முகத்தில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை. கீரைக்கட்டோடு நின்றேன். என்ன தோன்றியதோ, கையை எடுத்தார். “சரி, போ. உள்ள என் மருமக இருப்பா. கத்துவா, பயப்படாத. வந்தவங்கள வெளிய தள்ளமாட்டா.”

சாயங்காலம் மாமல்லபுரத்திலிருந்து கொழுந்தனார் ஒரு பித்தளைப் பூட்டோடு வந்தார். “எங்க ஊரு கடல்காத்துக்கே துருப்பிடிக்காது அண்ணி” என்றார். பூட்டை மேஜைமேல் வைத்துவிட்டு அண்ணனும் தம்பியும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“பூட்டு இருக்கட்டும். வாரத்தில் ஆளுக்கு ஒரு சாயங்காலம் உங்கள் அப்பாவோடு வாசலில் உட்காருங்கள்” என்றேன்.

அண்ணன் பேப்பரைப் பிரித்தார். தம்பி சாவி சரியாகத் திரும்புகிறதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.