மச்சானை மடித்து வைத்த டெப்

கையகல டெப் கணினி ஒன்று வாங்கியதிலிருந்து நான் ஒழுங்கான மனிதனாகிவிட்டதாக நானே நம்பத் தொடங்கினேன். அதில் தலைப்புப் போட்டு, தலைப்புக்குள் தலைப்புப் போட்டு, யோசனைகளை அடுக்கலாம். பக்கத்திலுள்ள குட்டி முக்கோணத்தைத் தொட்டால் உள்ளே இருக்கிற வரிகள் மடிந்து மறையும். மறுபடி தொட்டால் விரியும். இரண்டு நாள் வேறு வேலை பார்க்காமல் மடித்து மடித்து விரித்தேன். கண்டி மார்க்கட்டில் சாமான் பட்டியலோடும் அதே கூத்துதான். "மரக்கறி"யைத் திறந்து, அதற்குள் "கிழங்கு வகை"யைத் திறந்து நான் உருளைக்கிழங்கைக் கண்டுபிடிப்பதற்குள், பின்னால் வந்த மூன்று பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"வெங்காயத்தயாவது அதுல தேடாதீங்க சேர்," என்றார் கடைக்காரர். "உங்க முழங்கைக்குக் கீழ இருக்கு."

அப்படியிருக்க மகளின் கல்யாணம் வந்தது. மண்டபத்தில் நன்றியுரை சொல்வது என் பொறுப்பு. மனைவிக்கு இருந்தது ஒரே பயம்: ஹேவாஹெட்டையில் இருக்கும் அவளுடைய அண்ணன். எங்கள் மகனின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் கடைசி வரிக்குப் போனதால் மூன்று வருடம் எங்களோடு பேசாதவர். இப்போதுதான் மனசு இளகி வர ஒப்புக்கொண்டிருந்தார்.

"ஏங்க, யார விட்டாலும் அண்ணன விட்டுறாதீங்க. இன்னொரு மூணு வருஷம் என்னால தாங்க முடியாது."

"உங்கண்ணனுக்குப் பதினோரு வரி போட்டிருக்கேன். சம்பந்திக்கே நாலுதான்."

"எதுக்கும் பேப்பர்லயும் எழுதி வச்சுக்கங்க."

பேப்பராம். எனக்குச் சிரிப்பு வந்தது.

மச்சான் சீர்த்தட்டுகளோடு வேனில் வந்திறங்கி, முதல் வரிசையில், கஞ்சி போட்ட சட்டையைவிட விறைப்பாக உட்கார்ந்தார். நான் டெப்போடு மேடையேறினேன். சமையல்காரருக்கு நன்றி சொன்னேன். நாதஸ்வரத்துக்குச் சொன்னேன். மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் யாரையும் வாந்தியெடுக்க விடாமல் கூட்டி வந்த வேன் டிரைவருக்குச் சொன்னேன். நின்றுபோன மழைக்கும் சொன்னேன். நடுவில் "மிக மிக முக்கியம்" என்று ஒரு வரி வந்தது. ஆமாம், முக்கியம்தான் என்று எனக்கு நானே தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். கைதட்டினார்கள். சாப்பாடு தயார் என்று அறிவித்தார்கள். இறங்கும்போது மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அந்த "முக்கியம்" வரியின் முக்கோணத்தைத் தொட்டேன். பதினோரு வரியும் பொலபொலவென்று விரிந்தன. ஒத்திகையில் இடத்தை அடைக்கிறதே என்று நானேதான் மடித்திருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் மச்சான் சோற்றில் கை வைக்காமல் இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மச்சான், நீங்க இதுக்குள்ளதான் இருந்தீங்க."

"எதுக்குள்ள?"

"முக்கியத்துக்குள்ள. ரொம்ப நீளமா இருந்தீங்க, அதான் மடிச்சு வச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார், டெப்பைப் பார்த்தார். "கண்ணாடி வேன்ல கெடக்கு. நீங்களே வாசிங்க மாப்ள."

வாசித்தேன். மூன்றாவது வரியில் அவர் கை சோற்றுக்குப் போனது. மகளுக்கு டெங்கு வந்தபோது பேராதனை ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்கியவர் என்ற ஐந்தாவது வரியில் அப்பளத்தை நொறுக்கினார்.

"அஞ்சாவத இன்னொருக்கா வாசிங்க. பக்கத்து மேசைக்குக் கேக்கல."

பக்கத்து மேசைக்கு வாசித்தேன். பாயசம் குடித்து முடித்ததும் என் தோளைப் பிடித்து எழுப்பி, மற்ற மேசைகளுக்கும் கூட்டிப் போனார். பதினான்கு மேசை. சம்பந்தி வீட்டார் இரண்டு தடவை கேட்டார்கள். கடைசி மேசையில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மச்சான் டெப்பை வாங்கி முக்கோணத்தைத் தொட்டுப் பார்த்தார். மடிந்தது. விரிந்தது. மடிந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"மாப்ள, இதுல உங்கள மடிச்சு வைக்கிறது எப்பிடி?"

"கத்துக்கிட்டு எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணே," என்றாள் மனைவி.