கரும்பலகை அந்தப் பக்கம்

பூண்டுலோயாவுக்கு மேலே, இனி ஏற மாட்டேன் என்று பஸ் முனகி நின்றுவிடும் இடத்திலிருந்து இரண்டு மைல் நடந்தால் ஜீவராணியின் லயம் வரும், தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வயது நாற்பத்தொன்று. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டில் தோட்டத்தில் பெயர் பதிந்து தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனவள் இன்னும் அதே மலையில்தான் ஏறி இறங்குகிறாள். புருஷன் கஜேந்திரன் கொழும்பில் ஒரு கடையில் சாமான் கட்டுகிறவன். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் முகம் காட்டுவான். ஒரே மகள் சுலக்ஷனா, பதினோராம் வகுப்பு.

தையலில் ஜீவராணி பேர் போனவள். அவள் தைத்த கொழுந்துச் சாக்கு ஒன்று உச்சி மலையிலிருந்து உருண்டு, மூன்று தோட்டம் தாண்டி, ஆற்றில் விழுந்து, கொத்மலை நீர்த்தேக்கத்தில் மூன்று மாதம் ஊறிக் கிடந்ததாம். மீன்பிடிக்கிறவர்கள் இழுத்துப் போட்டபோது ஒரு தையல்கூட விடவில்லையாம், உள்ளே கொழுந்தும் வாடவில்லையாம். கொழுந்து வாடாததைப் பற்றிச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. தையலைப் பற்றி இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

இந்த வருஷத் தொடக்கத்தில் தோட்டத்தின் மேல் டிவிஷன் பெண் ஒருத்தி, கூடப் படித்தவனோடு ஹட்டனில் ரயிலேறிப் போய்விட்டாள். போனவர்கள் இரண்டு பேர், பேசியவர்கள் இருநூறு பேர். உடனே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பதினோராம் வகுப்பில் பையன்களையும் பெண்களையும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் உட்கார வைக்க வேண்டும் என்றார்கள். முதலில் உயர்ந்த கை ஜீவராணியுடையது. காரணம் இருந்தது. முந்தின வாரம்தான் பக்கத்து வீட்டுக் காளியாயி வந்து, சுலக்ஷனாவும் அவள் வகுப்பில் வினோஜன் என்கிற பையனும் பஸ் நிற்கும் இடத்தில் ஒரே கொப்பியை விரித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பள்ளிக்கூடமோ ஒரே நீள மண்டபம். தனி அறைக்கு எங்கே போவது? வகுப்புக்கு நடுவே திரை போடுவதென்று முடிவாயிற்று, அதை ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் எல்லோரும் கையெழுத்தும் போட்டார்கள். கொழுந்தெடுக்கும்போது ஈரமும் முள்ளும் படாமல் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பழைய படங்குகளை வீடு வீடாகச் சேர்த்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஜீவராணி அவற்றை இரட்டைத் தையல் போட்டு இணைத்தாள். கூரையிலிருந்து தரைவரை தொங்கியது. எறும்பு நுழையவும் இடமில்லை. அதிபர் செல்வமலர் எல்லோர் முன்னிலையிலும் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

கரும்பலகை சுவரோடு சுவராகப் பதித்தது. அது பையன்கள் பக்கம் போய்விட்டது என்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை. பெண்கள் பக்கத்துச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது, ஜன்னல் நிறையப் பனி இருந்தது.

தமிழும் சமயமும் வரலாறும் காதால் கேட்டே ஓடிவிட்டன. கணிதம் ஓடவில்லை. எழுபதுக்குக் குறையாமல் வாங்கிக்கொண்டிருந்த சுலக்ஷனா கடைசித் தவணைப் பரீட்சையில் இருபத்திரண்டு புள்ளியோடு வந்தாள். பதினோராம் வகுப்பின் சாதாரண தர அரசுப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். கணிதம் போனால் மேலே படிப்பு இல்லை, கொழும்புப் பக்கம் தையல் ஆலைதான் என்று கஜேந்திரன் போனிலேயே முடிவு சொல்லிவிட்டான்.

ஏன் இப்படி ஆனது என்று ஜீவராணி கேட்டதற்கு மகள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“கணக்கு சேர் ‘இந்தக் கோணமும் இந்தக் கோணமும் சமம், இஞ்ச பாருங்கோ’ங்கிறாரு. நாங்க படங்கப் பாத்துக்கிட்டு இருக்கோம்.”

“வெளங்கலன்னா அந்தப் பயலுககிட்ட கேக்குறதுதானே?”

“அதத்தாம்மா பஸ் நிக்கிற எடத்துல வினோஜன்கிட்ட கேட்டேன். அதுக்குத்தானே நீ கை தூக்குன.”

ஜீவராணி எழுந்து அடுப்பை ஊதப் போனாள்.

மறுநாளே, வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். கணித ஆசிரியர் கஜதீபன் யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான். பாதி நேரம் பெண்கள் பக்கம் நின்றும் சொல்லிப் பார்த்தாராம். வாயால் முக்கோணம் வரைய வரவில்லையாம்.

“என்ர சத்தம் அங்கால போகுதம்மா, படம் போகுதில்லை. நான் என்ன செய்யிறது?”

இன்னொரு பலகைக்கு எழுதிப் போட்டிருக்கிறது, அடுத்த வருஷம் வரும் என்றார் அதிபர். திரையைக் கழற்ற வேண்டுமானால் கையெழுத்துப் போட்ட பெற்றோர் அத்தனை பேரும் திரும்பவும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பழைய தாளை எடுத்துக் காட்டினார். தலையில் ஜீவராணியின் கையெழுத்து, மற்றதையெல்லாம் விடப் பெரிதாக.

நான்கு நாள் லயம் லயமாக ஏறி இறங்கினாள். பையனைப் பெற்றவர்களுக்கு அவசரமில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்குப் பயம். அவளே அழுது கேட்டும் மூன்று கையெழுத்துக்கு மேல் விழவில்லை. காளியாயி கையிலிருந்த தேத்தண்ணியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்:

“நீதானே புள்ள மொதல்ல தூக்குன. ஒன்னயப் பாத்துத்தான் நாங்களும் தூக்குனோம். இப்ப எறக்குன்னா எப்புடி?”

ஜீவராணி தாளை மடித்துக்கொண்டு இறங்கினாள். திரும்பி வரும் வழியில் தேயிலைக்கு நடுவே உட்கார்ந்து, அட்டை கடிப்பதுகூடத் தெரியாமல் அழுதாள்.

ஆனால் அந்தத் தாளில் ஒரு ஓட்டை இருந்தது. பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. தாய்மாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

திங்கட்கிழமை கணிதப் பாடத்துக்கு மணி அடித்தபோது, ஜீவராணி ஒரு கொப்பியும் பென்சிலுமாக வாசற்படியில் நின்றாள். திரை முடிகிற இடம் அது. இடது கண்ணுக்குப் பலகை, வலது கண்ணுக்கு மகள். பையன்கள் சிரித்தார்கள். கஜதீபன் அவளைப் பார்க்காதவர்போல் திரும்பி, எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினார். வேகத்தைக் குறைக்கவில்லை. முடிக்க வேண்டிய பாடம் மலைபோல் கிடந்தது அவருக்கு.

அவள் பலகையில் இருந்த முக்கோணத்தை வரைந்தாள். கோடு கோணிக்கொண்டு போனது. எழுத்துகளை மூலைக்கு மூலை வைத்தாள். ஓடிப்போய்ப் பெண்கள் பக்கம் நீட்டினாள். பதின்மூன்று தலைகள் அதன்மேல் கவிழ்ந்தன. சுலக்ஷனா தாளை ஒரு தடவை பார்த்தாள், ஜன்னல் பக்கம் திருப்பி இன்னொரு தடவை பார்த்தாள்.

“அம்மா, இந்த மூலையில சின்னதா ஒரு கட்டம் போட்டிருந்தாரா?”

“கட்டமா?”

“ம். அது இருந்தா செங்கோணம், இல்லாட்டி வேற கணக்கு.”

ஜீவராணிக்கு ஏதோ இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அவள் வாசலுக்கு ஓடினாள். கஜதீபன் பலகையை அழித்துவிட்டு அடுத்த படத்தைப் பாதி போட்டிருந்தார்.

இந்தத் தடவை அவள் எதையும் விடவில்லை. எது கணக்கு, எது கணக்கில்லை என்று தெரியாதவள் எதை விடுவாள்? கோட்டைப் போட்டாள், புள்ளியைப் போட்டாள், சரியாக அழியாமல் நின்ற பழைய எழுத்தின் வாலைப் போட்டாள், கூரை ஒழுகி இறங்கிய தடத்தைப் போட்டாள், பலகையின் குறுக்கே ஓடிய வெடிப்பையும் வளைவு மாறாமல் போட்டாள். மூச்சு வாங்கக் கொண்டுபோய் மகள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்ததற்காக மறுபடியும் வாசலுக்கு ஓடினாள்.

சுலக்ஷனா அந்த வெடிப்புக்கு எத்தனை பாகை கோணம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.